கிணற்றடியும் பல்கலைக்கழகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அங்கே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நீரிறைப்பால் செழித்து வளர்வதைக் காண்போர் வியப்பர். அவ்வியப்புக்குரிய காரணம் நிலத்தின் கீழே உள்ளது. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மாரி மழை அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, ஆழத்திலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருத்தல் நேயர் பலர் அறிந்ததே.

இம்மிதப்புக்கு ஒரு கணக்குண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறையுமாயின், காலப்போக்கில் உவர் 40 அடி மேலேறும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதரின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாயிற்று. இயந்திரத்துக்குத் தோள் நோவதில்லை.

உவரை நாக்கு அறியும். நைத்திரேற்றை நாக்கும் அறியாது, கண்ணும் அறியாது. செம்பாட்டுத் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவும், கிணற்றுக்கு அருகே வெட்டப்பட்ட மலக்குழிகளும் அதனை நிலத்தடி நீரிற் சேர்க்கின்றன. 1 லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பல அவ்வரையறையைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் பச்சிளங் குழந்தையின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரித்தல் கூடும். நீரைக் கொதிக்கவைத்தாற் போதுமெனத் தாய்மார் எண்ணுவது இயல்பு. கொதித்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இங்கேதான் பல்கலைக்கழகத்தின் கடமை தொடங்குகின்றது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் திருநெல்வேலியில் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இக்கிணறுகளின் நடுவிலேயே அமைந்துள்ளது. நீரைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணாக்கருக்கு அங்கே குறைவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதி, அட்டை கட்டி, நூலகத்தில் வைத்த ஏட்டினால், மாதிரி நீரை அள்ளிக் கொடுத்த தோட்டக்காரருக்கு யாது பயன்? அவருடைய கிணற்றின் அளவையும், எப்பயிருக்கு எவ்வளவு பசளையை எத்தனை தவணையாக இடலாம் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ஆய்வின் பாதிக் கடன் தீர்ந்துவிடும்.

மற்றப் பாதி, இடைவிடாத அளவீடு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற முறைப்பாடு வலுத்தபோது, 2015இல் தொடுத்த வழக்குக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019இல். அதுவரை மக்கள் தம் கிணற்றை ஐயத்தோடு நோக்கினர். குறித்த கிணறுகளை மாதந்தோறும் அளந்து, எவர்க்கும் சார்பின்றிக் குறித்துவைத்த பேரேடு ஒன்று ஊருக்குள் இருப்பின், முன்னிருந்த நிலையும் பின்வந்த மாற்றமும் ஒரு பார்வையில் தெளியும். அரசாங்கத் திணைக்களங்களின் அலுவலர் மாறுவர்; திட்டங்களின் பணம் தீரும். ஆண்டுதோறும் புதிய மாணாக்கரைப் பெறும் கல்விக்கூடமே அத்தகைய பேரேட்டை ஐம்பது ஆண்டுகள் எழுதவல்லது.

தன் வீட்டையும் அது நோக்கவேண்டும். 1,000 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் நீர் விழும். அதனை வீதி வாய்க்காலுக்கு விடுவதா, வளாகத்துக் கிணற்றருகே நிலத்துள் இறக்குவதா என்பதைத் தீர்மானிக்கப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. பரிசோதனைக் கூடத்தின் கதவும் வாரத்தில் ஒரு நாளேனும் ஊராருக்குத் திறந்திருக்கலாம். போத்தலில் கிணற்று நீரோடு வந்து நிற்பவர்களுள் கைக்குழந்தையுடைய தாய்மாருக்கு முதலிடம் கொடுத்தல் தகும்.