ஆட்டுக்கல் பாடம்

(நமது கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாயே திறக்காமல் செய்கிற ஒரு கலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசும்படி செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். அவர் சொல்லைத் தட்ட முடியாது.

நான் வளர்ந்தது கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் ஸ்டெனோ உத்தியோகம். 1976-ல் நான் பி.காம். கடைசி வருஷம். சிநேகிதன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனதால் மாலை வேளையில் மைம் வகுப்பில் சேர்ந்தேன். வங்காளிகள் அதை மூகாபினயம் என்பார்கள். யோகேஷ் தத்தா அந்தக் கலைக்கு அங்கே பெரிய பெயர் வாங்கிக் கொடுத்திருந்த காலம். எங்கள் ஆசிரியர் அவ்வளவு பிரபலம் இல்லை. ஆனால் கழுகுக் கண். 'மாஸ்டர் மொஷாய்' என்றுதான் கூப்பிடுவோம். அப்பா இதற்கு வைத்த பெயர் 'ஊமைக் கூத்து'.

முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு கோணங்கி வேலை செய்யப் போகிறோம் என்று நினைத்துப் போனேன். மூன்று மாதம் முகத்தின் பக்கமே விடவில்லை. மார்பு அசையாமல் தலை மட்டும், இடுப்பு அசையாமல் மார்பு மட்டும் என்று அங்கம் அங்கமாகப் பிரித்துப் பழக்கினார். பிரான்ஸில் எத்தியேன் தெக்ரூ (1898–1991) என்று ஒருவர். மார்சல் மார்சோவுக்கே குரு. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உடம்பால் மட்டும் நடித்தவர். அந்த வழிதான் இது. நம் சாஸ்திரத்தில் ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்விகம் என்று அபிநயம் நான்கு அல்லவா? மைமில் வாசிகம் போய்விடுகிறது. மிச்சத்தை வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டும்.

இல்லாத சுவரைத் தொடுவது முதல் பாடம். கை தளர்ந்து வர வேண்டும். சுவர் இருக்கிற இடத்தில் உள்ளங்கை சட்டென்று தட்டையாக வேண்டும். பிறகு உடம்பு எங்கே நகர்ந்தாலும் கை அங்கேயே நிற்க வேண்டும். ஓர் அங்குலம் வழுக்கினால் "சுவர் இடிந்துவிட்டது" என்பார். தண்ணீர் வாளி தூக்கினால் உடம்பு மறுபக்கம் சாய வேண்டும். கையை மட்டும் இழுத்துக் காட்டினால் "காலி வாளி" என்பார்.

ஒரு நாள் வீட்டுப் பாடம் கொடுத்தார். "வீட்டில் நடக்கிற ஒரு வேலையை ஒரு வாரம் பார். எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே."

அம்மா இட்லிக்கு அரைப்பதை எடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் இட்லி சாப்பிட்டவன், அரைப்பதை உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். வகுப்பில் செய்து காட்டினேன். வங்காளிப் பையன்களுக்கு ஆட்டுக்கல் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் கை தட்டினார்கள். மாஸ்டர் தட்டவில்லை.

"இன்னொரு தடவை செய்" என்றார். செய்தேன்.

"ஏழெட்டுச் சுற்றுக்கு ஒரு முறை ஏன் நிற்கிறாய்?"

"மாவைத் தள்ளிவிட."

"அதற்கு இடது கை இருக்கிறதே, குழவி ஏன் நிற்க வேண்டும்? இரண்டு தோளும் ஏன் மேலே ஏறுகிறது? வாய் ஏன் திறக்கிறது?"

"அம்மா அப்படித்தான் செய்கிறாள்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "உன் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. வீட்டுக்குப் போய்க் கேள்" என்றார்.

அந்த டிராம் பயணம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோள் ஏறுவதை என் தோளில் வாங்கியிருக்கிறேன். அது என்னவென்று புத்திக்கு எட்டவில்லை.

அம்மாவைக் கேட்டால், "வயசாறதோல்லியோ, ஒண்ணுமில்லேடா" என்றாள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று. ராத்திரி இரண்டு தலையணை அடுக்கி வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாள் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் மார்பில் குழாயை வைத்ததுமே முகம் மாறினார். சின்ன வயதில் வந்த வாத ஜுரத்தால் இருதய வால்வு சுருங்கியிருந்தது. 1977-ல் வேலூருக்கு அழைத்துப் போனோம். சுருங்கிய வால்வை விரித்துவிடுகிற அறுவை சிகிச்சை நடந்தது. பகவத் கிருபையால் அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் இருந்தாள், பேரன் பேத்தியோடு.

நான் மேடைக் கலைஞன் ஆகவில்லை. பாங்கில் சேர்ந்து ஊர் ஊராக மாற்றலாகிப் போனேன். ஆபீஸ் விழாக்களில் ஏதோ செய்து காட்டியதோடு சரி. அப்பா மட்டும் வேலூருக்குப் பிறகு 'ஊமைக் கூத்து' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. ஒரு தீபாவளிக்கு மாஸ்டருக்கு வேஷ்டி வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

வேலூரிலிருந்து வந்த பிறகு அரைக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் அம்மா, "அந்த வாத்தியார்கிட்ட என்னை எப்படிப் பண்ணிக் காட்டினே? இங்கே பண்ணு, பார்ப்போம்" என்றாள். கூடத்தில் உட்கார்ந்து செய்து காட்டினேன். தோள், மூச்சு எல்லாவற்றோடும். அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் சொன்னாள்: "குழவி சுத்தறது சரியா இருக்கு. இடது கைதான் தப்பு. மாவெல்லாம் விளிம்பிலேயே நிக்கறது பாரு."