எண்ணிக்கையும் பயனும்



ஓர் ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் எனக் கணக்கிட்டே இன்று அறிஞரின் தரத்தை அளக்கின்றனர். 1960களில் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் தொடங்கிய மேற்கோள் அட்டவணை இக்கணக்குக்கு வழிவகுத்தது.

இக்கணக்கிற் பயனுண்டு, சிறிய நாட்டின் அறிஞரையும் உலகம் அறிகின்றது. ஆயினும் பிழையான கட்டுரையுங்கூட மறுப்பதற்காகப் பன்முறை எடுத்தாளப்படலாம் அல்லவா?

நம் நாட்டிலேயே நல்ல சான்றுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்து நரம்பியல் அறிஞர் நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்தவுடன் சேர்ந்து, 1987இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்றே பக்கம், பத்தே நோயாளர். கிருமிநாசினி நஞ்சின் முதல் ஆபத்தினின்றும் தேறியோருக்கும், 24 முதல் 96 மணி நேரத்துள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கலாம் என்று அதிற் காட்டினர். இந்நஞ்சைப் பற்றி எழுதுவோர் இன்றும் அக்கட்டுரையை எடுத்தாளுகின்றனர்.

வேளாண்மைக்கு மருந்தடிக்கும் கல்முனைப் பகுதியினரான நமக்கு இதன் பெறுமதி நன்கு விளங்கும். தேறிவிட்டான் என்று கைவிடாது, மருத்துவர் மூன்றாம் நாளும் காத்திருந்து செயற்கைச் சுவாசம் கொடுத்தால் ஓர் உயிர் பிழைக்கும். பிழைத்த உழவனின் பெயர் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம், எத்தனை எழுதினோம் என்பதோடு, எவருக்கு உதவினோம் என்றும் கேட்கப் பழகுவோமாக!