பழைய ரோட்டரிக்கு டர்போ: பெட்ரோல் போய்ச் சேருமா?

பாசிர் பெனம்பாங் படகுத்துறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டர்போ என்பது புதிய சங்கதி அல்ல. மீன்பிடிப் படகுகளின் டீசல் எஞ்சின்களில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் கூடுதல் எண்ணெயை எரிக்கலாம், சக்தியும் கூடும்.

இதைப் பார்த்துத்தான் ஆசையும் வருகிறது. புக்கிட் ரோத்தான் பக்கத்து இளைஞர் ஒருவர், கார்புரேட்டர் வைத்த பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றைச் சேமிப்பைக் கொட்டி வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "படகுக்கே டர்போ இருக்கும்போது என் காடிக்கு ஏன் கூடாது?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம்.

ஜெர்மனியின் பெலிக்ஸ் வாங்கல் கண்ட ரோட்டரி எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைகள் உண்டு. இவற்றை அபெக்ஸ் சீல் என்பார்கள். அழுத்தத்தைக் காப்பது இந்தப் பட்டைகள்தான், எஞ்சினின் உயிரும் அவைதான். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரைக் கொண்டுவருவதற்கு முன் மஸ்டா பொறியாளர்களை ஆண்டுக்கணக்கில் தூங்கவிடாமல் செய்ததும் இதே பட்டைகள்தான்.

டர்போவுக்கு ரோட்டரி மிகவும் தோதானது. புகை சூடாகவும் வேகமாகவும் வெளியேறுவதால் டர்போ சக்கரம் நன்றாகச் சுற்றும். அப்படியானால் தடை எங்கே? பெட்ரோலில்.

டீசல் எஞ்சினில் காற்று முழுதாக அமுக்கப்பட்ட பிறகே எண்ணெய் தெளிக்கப்படுகிறது. நேரத்துக்கு முன் தானாகப் பற்றிக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது. பெட்ரோல் எஞ்சினிலோ காற்றும் பெட்ரோலும் கலந்தே அமுக்கப்படுகின்றன. அழுத்தமும் சூடும் ஏறி, பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும் போதும், கலவை வெடித்துவிடும். பட்டறைகளில் இதை நாக்கிங் என்பார்கள். சாதாரண பிஸ்டன் எஞ்சின் சில தட்டுகளைத் தாங்கிக்கொள்ளலாம். ரோட்டரியில் ஒரே ஒரு பலத்த அடியே அபெக்ஸ் சீலை உடைத்துவிடக்கூடும். உடைந்த துண்டு கூட்டின் சுவரைக் கீறி, புகையோடு போய் டர்போவின் சக்கரத்தையும் சிதைக்கும். பல மாதச் சம்பளம் ஒரு நொடியில் போய்விடும்.

கார்புரேட்டருக்குச் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 3 அல்லது 4 பவுண்டு அழுத்தத்தில்தான் பெட்ரோல் வருகிறது. டர்போ 7 பவுண்டு அழுத்தத்தில் காற்றை அதற்குள் ஊதினால் என்ன ஆகும்? பெட்ரோல் உள்ளேயே போக முடியாது. சரியாக அதிகம் தேவைப்படும் நேரத்தில் எஞ்சின் பட்டினி கிடக்கும். ஆகவே காற்றழுத்தம் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏறி, 10, 11 பவுண்டைத் தொடும்படி பம்பும் ரெகுலேட்டரும் வேண்டும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவை நசுங்காததாக இருக்க வேண்டும். தண்டுகளின் ஓரம் கசிந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஆவி பரவும், அது தீ விபத்துக்கு அழைப்பு. சீல்களுக்குப் போகும் எண்ணெய்யும் இந்தக் கார்புரேட்டர் வழியாகவே போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்துவிட்டால் இந்த அழுத்தச் சிக்கல் இல்லை. ஆனால் அப்போது பெட்ரோல் கலந்த காற்றே டர்போ வழியாகப் போகும். காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரைப் பொருத்தினால், அது முழுக்கப் பற்றிக்கொள்ளும் கலவை நிறைந்த பெட்டியாகிவிடும். பொருத்தாவிட்டால் சூடு குறையாது.

மஸ்டா நிறுவனமே என்ன செய்தது என்று பாருங்கள். 1982இல் காஸ்மோ காரில் 12ஏ எஞ்சினுக்கு டர்போ பொருத்தியது. ரோட்டரி காருக்கு டர்போ வந்தது உலகிலேயே அதுதான் முதன்முறை. அப்போது கார்புரேட்டரை எடுத்துவிட்டு, மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பை வைத்தார்கள். 9.4ஆக இருந்த அமுக்க விகிதத்தையும் 8.5ஆகக் குறைத்தார்கள். எஞ்சினைப் படைத்தவர்களே விட்டுவிட்டதை நம் இளைஞர் விடாப்பிடியாக வைத்திருக்கப் பார்க்கிறார். இன்னொரு வேடிக்கை, 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டர் எஞ்சினில் டர்போவே கிடையாது.

முடியவே முடியாது என்பதல்ல. ஊதும் அழுத்தத்தைக் குறைவாக வைத்து, தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி, பொறுமையாகச் சோதித்துச் செய்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அவர்கள் கலவையை அளக்கும் கருவி இல்லாமல் காரை வெளியே எடுப்பதில்லை. காதை மட்டும் நம்பி ஓட்டினால், சத்தம் கேட்கும்போது சீல் போயிருக்கும்.

காகிதவேலையும் இருக்கிறது. எஞ்சினில் மாற்றம் செய்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முதலில் கேட்பது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடம் மறைத்தால், விபத்தின்போது பணம் கிடைப்பது சந்தேகம். தஞ்சோங் காராங் சாலையில் லாரிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் இந்த வேகத்தைச் சோதிக்க நினைப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நம் இளைஞர் டர்போவை ஏற்கெனவே வாங்கியே விட்டார் என்றால்? முதலில் ரோட்டரி தெரிந்த பட்டறையில், அதற்கென்று உள்ள மானியால் ஒவ்வொரு ரோட்டரின் மூன்று பக்க அழுத்தத்தையும் அளக்கச் சொல்லலாம். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இல்லையென்றால், மிச்சமிருக்கும் பணம் எஞ்சினைப் பிரித்துப் புதுச் சீல் போடவே சரியாகும். டர்போ அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.