கரும்பலகை தந்த ஆராய்ச்சி
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உயர்கல்வி வழிகாட்டுதல் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

நான் கணித ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, "கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்ணணும்னா எந்த குரூப் எடுக்கணும் சார்?" என்று கேட்டாள். கணிதத்தில் அவள் மதிப்பெண் 52. "கணக்கு குரூப் உனக்குச் சரிப்படாதும்மா, வேற எடு" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று எனக்கே அப்போது தெரியாது. கடந்த ஆண்டு ஒரு சான்றிதழுக்காக இ-சேவை மையத்திற்குப் போனேன். கணினி முன் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, "ராத்திரியில பைத்தான் கத்துக்கிறேன் சார், நல்லா வருது" என்றாள். அவள் குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. அதற்குப் பிறகுதான் இந்தத் துறையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தபோது தெரிந்துகொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ராஜ் ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், காட்டூர் என்ற சிற்றூரில் 1937-இல் பிறந்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். 1958-இல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். படித்தது சிவில்! பிறகு ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, சில ஆண்டுகள் வேலை. 1966-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தியின் வழிகாட்டுதலில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம். 1969-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1994-இல், கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை எட்வர்டு ஃபெய்கன்பாமுடன் பகிர்ந்துகொண்டார்.

மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைப்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1970-களில் அவருடைய குழு உருவாக்கிய 'ஹியர்சே-2' என்ற மென்பொருளின் அமைப்புக்கு வைத்த பெயர் நமக்கு நெருக்கமானது: கரும்பலகை. ஒலியை அறிந்த ஒரு பகுதி, அசையை அறிந்த ஒரு பகுதி, சொல்லை அறிந்த ஒரு பகுதி, இலக்கணம் அறிந்த ஒரு பகுதி என்று தனித்தனியாக இருக்கும். எல்லாம் ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனக்குத் தெரிந்தது தென்பட்டால் அந்தப் பகுதி தன் ஊகத்தைப் பலகையில் எழுதும்; அதைப் பார்த்து இன்னொன்று அடுத்த ஊகத்தை எழுதும். எந்த ஒரு பகுதிக்கும் முழு விடை தெரியாது. ஆனால், சேர்ந்து விடைக்கு வந்துவிடும். பேச்சுக்காகப் பிறந்த இந்த அமைப்பு, பின்னாளில் மென்பொருள் பொறியியல் பாடநூல்களில் ஒரு பொது வடிவமைப்பாகவே இடம்பெற்றது.

எட்டாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். எழுத்துகள் விடுபட்ட ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன். தெரிந்ததை மட்டும் வந்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதைக் கேள்வி கேட்கலாம் என்பதே விதி. முதலில் எழுந்து வந்தது, வழக்கமாகக் கை தூக்காத ஒரு பையன்.

சரி, இந்த ஆராய்ச்சியாளர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டு. மதிப்பெண்களைக் கூட்டும் நிரல் சரியா என்று நாம் எளிதில் சோதித்துவிடலாம். விடை முன்கூட்டியே தெரியும். இலையின் படத்தைப் பார்த்துப் பயிர் நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவை எப்படிச் சோதிப்பது? வெளிச்சம் மாறினால் விடை மாறலாம். தவறினால் நட்டம் விவசாயிக்கு. எவ்வளவு நம்பலாம், எங்கே தவறும், ஏன் தவறும் என்று ஆராய்வதே ஒருவரின் முழுநேரப் பணியாக இருக்கிறது. கேள்வி எழுப்புவது, செய்து பார்ப்பது, தோற்பது, மீண்டும் செய்வது, கட்டுரையாக எழுதுவது, மாணவர்களுக்குக் கற்பிப்பது. பார்க்கப்போனால், அதுவும் ஆசிரியர் வேலைதான்.

இதற்கான வழி நீண்டது, ஆனால் திறந்திருக்கிறது. பொறியியல் அல்லது கணினி அறிவியலில் இளநிலை, பிறகு முதுநிலை, அதன்பின் முனைவர் பட்டம். நம் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்வோருக்கு உதவித்தொகை உண்டு. முனைவர் பட்ட ஆய்வுக்கும் உதவித்தொகைகள் உண்டு. பெற்றோர் முதலில் கேட்பது செலவைப் பற்றித்தான். எனவே இதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு குழந்தை நமக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிக் கேட்டால், "உனக்கு வராது" என்று சொல்ல வேண்டாம். "எனக்குத் தெரியாது, விசாரித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்போம். மறுநாள் மறக்காமல் சொல்வோம்.

அந்த மாணவியிடம் இப்போது பேசியிருக்கிறேன். தொலைநிலைக் கல்வியில் கணினிப் பட்டம் படிக்கலாமா என்று இருவரும் சேர்ந்து விவரங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். நான்கைந்து ஆண்டுகள் தாமதம்தான். அந்தத் தாமதத்தில் என் பங்கும் இருக்கிறது.