பாலர் வகுப்பில் இடம் பிடிப்போம்

(ஜொகூர், ரெங்கம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு என்றே நாம் கூட்டம் போட்டுப் பழகியவர்கள். இன்று அவற்றுக்குச் சற்றும் குறையாத ஒரு காரியத்தைப் பேச வந்திருக்கிறோம். அது நமது 5, 6 வயதுப் பிள்ளைகளின் படிப்பு.

7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அதற்குக் கீழ்ப்பட்ட வயதினருக்கு ஆயாக் கொட்டகையும் தூளியுமே கதி. அங்கே பசிக்குக் கஞ்சி கிடைத்தது, எழுத்து கிடைக்கவில்லை.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியையும் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. இன்று அரசாங்கம் மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, கல்வியமைச்சு ஆரம்பப் பள்ளிகளில் நடத்தும் பாலர் வகுப்பு. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலும் இது உண்டு. அங்கே தமிழிலேயே தொடங்கலாம். மாதக் கட்டணம் கிடையாது, உணவும் கிடைக்கும். இரண்டாவது, கிராம மேம்பாட்டு அமைச்சின் கெமாஸ் பாலர் பள்ளி. மூன்றாவது, ஒற்றுமைத் துறையின் பெர்பாடுவான் பாலர் பள்ளி. இவ்விரண்டும் பெரும்பாலும் மலாய் மொழியில் நடப்பவை.

வாசல் திறந்திருந்தும் நம் பிள்ளை ஏன் வெளியே நிற்கிறது? அமைச்சின் வகுப்பொன்றில் 25 இடங்களே உண்டு. காலத்தோடு மனுப் போடுகிறவர் பிள்ளைக்கே வாய்ப்பு. பள்ளி திறக்கும் நாளில் கையைப் பிடித்துப் போகிறவருக்கு ஏமாற்றம். அது மட்டுமா? பாலர் வகுப்பு நாளொன்றுக்கு 4 மணி நேரமே. விடியுமுன் பிரட்டுக்குப் போய் மரம் வெட்டும் தாய், பால் நிறுத்துத் திரும்பும் வரை பிள்ளையைக் கொண்டு விடுவது யார், கூட்டி வருவது யார்? தாயின் அசட்டையன்று இது. தோட்டத்து வேலை நேரம் போட்ட முட்டுக்கட்டை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு கிளையும் 4 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயர்களை இப்போதே எழுதி, பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு அதனைப் பெற முயல வேண்டும். இரண்டாவது, கிராணிமார்களே, மனுக்கள் இணையத்தில் போடப்படும் காலம் இது. செக்ரோல் எழுதும் கை இந்த மனுவையும் எழுதட்டும்! மூன்றாவது, குழந்தைக் காப்பகத்தின் தரத்தை 446-ஆம் எண் கொண்ட 1990-ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகிறது. அச்சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி வசதியையும் வகுப்பு முடிந்த பின் ஆயாவின் பராமரிப்பையும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் தயவு; சங்கமாகக் கேட்டால் பேச்சுவார்த்தை.

முதலாம் வகுப்பில் பட்டணத்துப் பிள்ளை வாசிக்கும்போது நம் பிள்ளை பென்சில் பிடிக்கத் தெரியாமல் விழிக்கலாமா? பிறகு அதனை மந்தம் என்று சொன்னால் நாம் கேட்டுக்கொண்டிருக்கலாமா?

தோழர்களே! இன்றிரவே பெயர்ப்பட்டியலைத் தொடங்குவோம்.