நுண்துகளும் உயிரணுவும்



திரிசூலம், பல்லாவரம், பம்மல் குன்றுகளை உடைத்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. ஜல்லி சென்னைக்குச் சென்றது. தூசி நம் மூச்சில் தங்கியது. அக்குவாரிகளுட் பல இன்று நீர் நிறைந்த பள்ளங்கள். ஆயினும் அத்தூசி கற்பித்த பாடம் பழையதாகிவிடவில்லை.

பல்லாவரத்துச் சார்னோகைட்டுக் கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா உண்டு. அதன் நுண்துகள் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும். அங்குக் காவல் புரியும் உயிரணுக்கள் அதனை விழுங்கும்; செரிக்க மாட்டா. துகளை விழுங்கிய அணு மடியும்; வெளிப்பட்ட துகளை வேறோர் அணு விழுங்கும். இவ்வாறு நுரையீரல் தழும்பேறி இறுகுவதே சிலிக்கோசிஸ். அந்நோயுற்றோரைக் காசநோயும் எளிதில் பற்றும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து நம் தாம்பரத்தில் சானடோரியம் நிறுவியது காசநோயாளர்க்காக. இன்று காசநோய் மருந்தால் தீரும். சிலிக்கோசிஸ் தழும்பை நீக்கும் மருந்தோ இல்லை. ஆதலின் மருத்துவரிடம் இருமலை மட்டுமன்றி, செய்த தொழிலையும் சொல்லுதல் வேண்டும்.

இன்று இதனினும் நுண்ணிய நானோ பொருள்கள் வந்துள்ளன. அவற்றின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர். நுண்மையே ஏன் கவலை தருகிறது? 1 சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 1 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர்; ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! அத்தனை பரப்பும் உயிரணுவைத் தீண்டவல்லது.

நானோ பொருள் அனைத்தும் நஞ்சென்று நாம் கூறவில்லை; சோதித்தறிய வேண்டும் என்கிறோம். வளர்ப்புத் தட்டிலுள்ள உயிரணுக்களின்மேல் துகளைப் பல அளவுகளில் இட்டு, மடிந்தவை எத்தனை, மரபுப்பொருள் சிதைந்ததா என்று ஆய்வர். தீங்கு உறுதியான குவார்ட்ஸ் தூளையும் ஒப்பீட்டுக்கு வைப்பதுண்டு. தட்டில் கண்டது உடலுக்கும் பொருந்துமா, உழைப்பவர் எவ்வளவு சுவாசிக்கிறார் என்பவற்றையும் அளந்த பின்னரே முடிவு கூறலாம்.

குவார்ட்ஸின் தீங்கை உலகம் உழைப்பவர் நுரையீரலில் கற்றது. அடுத்த துகளின் தீங்கைத் தட்டிலேயே கற்க வேண்டும். இளைஞர்களே, உங்களுட் சிலர் அந்த ஆய்வகத்திற்குச் செல்லுங்கள். இன்று கிரானைட்டும் டைல்ஸும் அறுக்கும் தம்பிகளே, நீர் ஊற்றி அறுங்கள். வாயில் கட்டிய துணி நுண்தூசியைத் தடுக்காது. தக்க முகக்கவசத்தை முதலாளியிடம் கேட்டுப் பெறுங்கள். கேட்பதற்கும் கல்வி வேண்டும், அதற்காகவே இச்சங்கம்.