ஒரு கல்லுக்காகக் குரல் கொடுத்தவர்கள்



மலைக்கோயில் என்றதும் நம் நாட்டில் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பத்துமலை. அடுத்தது பினாங்குத் தண்ணீர்மலை. படியேறுகிறோம், அர்ச்சனை செய்கிறோம், வேண்டியதை வேண்டிக்கொண்டு பிரசாதத்தோடு இறங்குகிறோம். அர்ச்சகர் இல்லாத, தீபாராதனை இல்லாத, அர்ச்சனைச் சீட்டு விற்காத ஒரு மலைக்கோயிலுக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? அப்படிப்பட்ட ஒரு கோயிலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அந்தக் கோயில் நமது அண்டை நாடான தாய்லாந்தில் இருக்கிறது. பெயர் பனோம் ருங். பேங்காக்கிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரத்தில் புரிராம் மாநிலம். அங்கே எப்போதோ அணைந்துபோன ஓர் எரிமலையின் உச்சியில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில், கிழக்கு நோக்கி நிற்கிறது இந்தச் சிவன் கோயில். சுற்றிலும் சமவெளி, வயல்கள். இறைவன் வாழும் கைலாயமாகவே இந்த மலையை அன்றைய மக்கள் கண்டார்கள்.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதி கெமர் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. 10ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை இந்தக் கோயில் படிப்படியாக வளர்ந்தது. இன்று நாம் பார்க்கும் முக்கியக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைக் கட்டியவர் நரேந்திராதித்தியர். அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் உறவினர் இவர். பின்னாளில் உலக வாழ்க்கையைத் துறந்து தவசியாகவே ஆகிவிட்டார். இவருடைய மகன் ஹிரண்யர் தந்தையின் பெருமையைச் சமஸ்கிருதக் கல்வெட்டாகப் பொறித்து வைத்தார்.

கோயிலுக்குப் போகும் வழியே ஒரு பாடம். முதலில் சுமார் 160 மீட்டர் நீளமுள்ள கல் பாவிய நடைபாதை. இருபுறமும் தாமரை மொட்டு வைத்த கல்தூண்கள். பிறகு ஐந்து தலை நாகங்கள் படமெடுத்து நிற்கும் பாலம். கீழே ஓடுவதற்கு ஆறு கிடையாது. மனிதர் உலகத்திலிருந்து தேவர் உலகத்துக்குக் கடந்து போகிறோம் என்பதற்கு அடையாளம் அந்தப் பாலம். அதற்குப் பிறகுதான் படிக்கட்டு. ஏற ஏறக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை காட்டும்.

உள்ளே போனால் நம் கண்ணுக்குப் பழக்கமான எல்லாம் இருக்கின்றன. மண்டபத்தில் நந்தி. கருவறையிலிருந்து அபிஷேக நீர் வெளியேறக் கல்லில் வெட்டிய கால்வாய். சுவர்களில் இராமாயணக் காட்சிகள், கண்ணன் லீலைகள். கிழக்கு வாசலின் மேலே பத்துக் கைகளோடு ஆடும் சிவபெருமான். அங்கோர் அருகிலுள்ள பான்தே ஸ்ரே கோயிலில் இதே போன்ற ஆடல் காட்சி ஒன்றின் ஓரத்தில் எலும்பும் தோலுமாய் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் நம் காரைக்கால் அம்மையாரே என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அம்மையார் கெமர் நாட்டுச் சிற்பியின் உளி வரை போயிருக்கிறார் என்றால், இந்தக் கோயில்கள் நமக்கு அந்நியமா, சொல்லுங்கள்!

கோயிலின் 15 வாசல்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் சில நாள்கள், உதிக்கும் சூரியனின் கதிர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை பாயும். மார்ச், அக்டோபர் மாதங்களின் முதல் வாரத்தில் மறையும் சூரியன் எதிர்ப்பக்கமிருந்து அதையே செய்யும். மேகம் மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் மாதத்தில் உள்ளூர் மக்கள் இதையொட்டி மலையேறும் விழாவே எடுக்கிறார்கள்.

ஆனால் நேயர்களே, என்னை அந்தக் கோயிலில் அதிக நேரம் நிற்க வைத்தது சூரியனும் இல்லை, கோபுரமும் இல்லை. ஆடல்வல்லானுக்குக் கீழே, அதே கிழக்கு வாசல் நிலையின் மேல் இருக்கும் ஓர் உத்தரக்கல். அதில் பாற்கடலில் பள்ளிகொண்ட திருமால். அவர் உந்தியிலிருந்து எழும் தாமரையில் பிரம்மா. சிவன் கோயில் வாசலில் பெருமாள். சைவம், வைணவம் என்று சண்டை போடாமல் இருவரும் மேலும் கீழுமாக இருக்கிறார்கள்.

இந்தக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. 1960களில் கோயில் சிதைந்து கிடந்தபோது இந்த உத்தரக்கல் காணாமல் போனது. அதன் ஒரு துண்டு பேங்காக்கில் ஒரு பழம்பொருள் கடையில் அகப்பட்டது. பெரிய பகுதி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு 1973இல், தாய்லாந்தின் கலை வரலாற்று அறிஞர் இளவரசர் சுபத்ரதிஸ் டிஸ்குல், அமெரிக்காவிலுள்ள சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் காட்சிக்கூடத்தில் அதை அடையாளம் கண்டார். நம் வீட்டு வாசற்கால் அடுத்தவர் வரவேற்பறையில் அலங்காரமாக இருந்தால் எப்படி இருக்கும்?

இதற்கிடையே தாய்லாந்து நுண்கலைத் துறை 1971 முதல் கோயிலைச் சீரமைத்துக்கொண்டிருந்தது. சரிந்த கற்களுக்கு எண்ணிட்டு, பிரித்து, அடித்தளத்தைப் பலப்படுத்தி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். ஏறக்குறைய 17 ஆண்டு வேலை அது. 1988இல் கோயிலைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. எல்லாக் கல்லும் இடத்தில் இருக்கிறது, வாசலின் தலைக்கல் மட்டும் சிகாகோவில்.

அப்போது மக்கள் எழுந்தார்கள். பத்திரிகைகள் எழுதின. புரிராமிலும் சிகாகோவிலும் தாய்லாந்து மக்கள் கூடிக் குரல் கொடுத்தார்கள். கராபாவ் என்ற அவர்களுடைய புகழ்பெற்ற இசைக்குழு இந்தக் கல்லைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. பொதுத் தொடர்பியலில் டிப்ளோமா படித்தவள் என்ற முறையில் இது எனக்குப் பெரிய பாடம். ஆய்வாளர் கண்ட உண்மை 15 ஆண்டுகளாக இருந்தது. அது பத்திரிகையிலும் பாட்டிலும் ஏறிச் சாதாரண மக்களின் வாய்க்கு வந்த பிறகே கல் அசைந்தது. 1988 நவம்பரில் அது தாய்லாந்துக்குத் திரும்பியது. இன்று தன் வாசலின் மேல் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள். திருமால் அவர்கள் தினமும் கும்பிடும் சாமி இல்லை. ஆனாலும் ‘இது எங்கள் ஊரின் கல், எங்கள் முன்னோர் செதுக்கியது’ என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு இன்றும் இருக்கிறது. இதே புரிராம் வட்டாரத்து நோங் ஹோங் கோயிலின் உத்தரக்கல் ஒன்றும் 2021இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கெடாவில் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பனோம் ருங் கோபுரத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே வணிகர்கள் வந்தார்கள், கோயில்கள் எழுந்தன. 1930களில் ஆங்கில ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் அவற்றைத் தோண்டி எடுத்து எண்ணிட்டார். 2013ஆம் ஆண்டின் கடைசியில் அவற்றில் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. தனியார் நிலத்தில், வீடமைப்பு வேலைக்காக இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டார்கள். பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவு செய்யப்படாத இடம் அது. நாடு முழுதும் கண்டனம் எழுந்தது உண்மை. ஆனால் எப்போது எழுந்தது? கல் தரைமட்டமான பிறகு.

அது நின்றுகொண்டிருந்தபோது நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருந்தோம்? ஆண்டுக்கு ஆண்டு பினாங்குக்குப் போகிறோம். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சிசாலையும், அதை அடுத்து புக்கிட் பத்து பஹாட் சண்டியும் இருக்கின்றன. பிள்ளைகளோடு அங்கே ஒரு மணி நேரம் இறங்கியவர்கள் எத்தனை பேர்? யாரும் போகாத கோயிலை இடிப்பது சுலபம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் மெர்போக்குக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்குமுன், பழைய கதவு, பழைய சிலை, நன்கொடையாளர் பெயர் பொறித்த பழைய கல் ஆகியவற்றைப் படமெடுத்துப் பத்திரப்படுத்தும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். வசதியுள்ளவர்கள் ஒருமுறை பனோம் ருங் போய்வாருங்கள். 2025 ஜூலையில் தாய்லாந்து, கம்போடிய எல்லையில், தா முயென் தொம் என்ற மற்றொரு பழைய சிவன் கோயிலின் அருகே மோதல் வெடித்தது. எனவே புறப்படுமுன் எல்லை நிலைமையைக் கேட்டறிந்து செல்லுங்கள்.

அர்ச்சகர் இல்லாத கோயிலில் என்ன செய்வது என்று தொடக்கத்தில் கேட்டேன். நின்று பாருங்கள். எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்திருந்தால்தான், ஒரு கல் காணாமல் போகும் அன்றே நாம் கேட்க முடியும்.